பழைய வீடியோ விளையாட்டும் புதிய திரையும்

பழைய ஏட்டுச் சுவடிகளிலே மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவால் வேறுபடுத்தப்படுவதுமில்லை. ஏடு படிக்கப் பயின்றவன் இடம் நோக்கிப் புள்ளியையும் நெடிலையும் தானே கூட்டிப் படித்தான். ஆதலின் ஏட்டிற் கண்டதை மாத்திரம் அச்சிற் பதித்தால் நூலைப் பேணியதாகாது. படிப்பவன் கூட்டியதையும் அறிந்து சேர்த்தல் வேண்டும். எழுதப்பட்டது வேறு, படிக்கப்பட்டது வேறு என்னும் இவ்வுண்மை, சென்ற நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியிலே பெருகிய வீடியோ விளையாட்டுக்களுக்கும் பெரிதும் பொருந்துவதாகும். அவ்விளையாட்டுக்களை இன்றைய கணினித் திரையிலே ஆட விரும்புவோர் திரையின் அமைப்புக்களை எவ்வாறு தெரிதல் வேண்டும் என்னும் வினாவுக்கும் இவ்வுண்மையே விடை தருகின்றது.

பழைய விளையாட்டுப் பொறிகள் இன்று அருகி வருகின்றன. அவற்றோடு இணைத்து வைக்கப்பட்ட கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டிகளும் கடைகளிலிருந்து மறைந்துவிட்டன. எனினும் விளையாட்டுக்கள் அழிந்துபோகவில்லை. ஒரு பொறியின் தொழிற்பாட்டை வேறொரு பொறியிலே மென்பொருளால் நிகழ்த்திக் காட்டும் முறையொன்று உண்டு. அம்மென்பொருளை எமுலேற்றர் என்பர். தமிழிலே போன்மி எனலாம். நாணயம் இட்டு ஆடும் பொறிகளுக்கென 1997ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் நிக்கோலா சல்மோரியா என்னும் இத்தாலியர் வெளியிட்ட ‘மேம்’ என்பது இவ்வகையிற் புகழ்பெற்றது. போன்மி பழைய பொறியின் கணிக்கும் பகுதியை மீட்டுத் தருகின்றது. ஆனால் அப்பொறியின் முன்னே இருந்த கண்ணாடிக் குழாயை அது தானாக மீட்டுத் தருவதில்லை. அக்குழாய் செய்த தொழிலை ஆடுபவரே அமைப்புக்களின் வாயிலாகக் கூட்டுதல் வேண்டும். அதற்கு முதலில் அக்குழாய் செய்தது யாது என்பதை அறிதல் இன்றியமையாதது.

கதோட்டுக் கதிர்க் குழாயை 1897ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டுப் பௌதிக அறிஞராகிய பேர்டினன்ட் பிரௌன் என்பார் அமைத்தார். குழாயின் பின்புறத்திலிருந்து வரும் இலத்திரன் கற்றை, முன்புறக் கண்ணாடியின் உட்பக்கத்திலே பூசப்பட்ட ஒளிர்பொருளைத் தாக்கும்போது அவ்விடம் ஒளிர்கின்றது. கற்றை இடமிருந்து வலமாக ஒரு வரி வரைந்து, பின்னர் அதன் கீழே அடுத்த வரியை வரைந்து, இவ்வாறே திரை முழுவதையும் நிரப்பும். அமெரிக்காவும் யப்பானும் கைக்கொண்ட முறையில் ஒரு முழுப்படத்துக்கு 525 வரிகள். அவை இரண்டு கூறாகப் பிரிக்கப்பட்டு, ஒற்றைப்பட்ட வரிகள் ஒருமுறையும் இரட்டைப்பட்ட வரிகள் அடுத்த முறையுமாகச் செக்கனுக்கு ஏறத்தாழ 60 கூறுகள் வரையப்பட்டன. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் வரிகள் 625, கூறுகள் செக்கனுக்கு 50. இலங்கையின் தொலைக்காட்சியும் இப்பிந்திய முறையையே தழுவியது.

விளையாட்டுப் பொறிகளை ஆக்கியோர் இவ்வமைப்பிலே ஒரு சூழ்ச்சி செய்தனர். அரைவரி ஒன்றை விடுத்து, ஒவ்வொரு கூறும் முந்திய கூறு வரையப்பட்ட அதே இடத்திலேயே விழுமாறு செய்தனர். இதனால் ஏறக்குறைய 240 வரிகளே கண்ணுக்குப் புலனாயின. அவற்றிடையே கற்றை செல்லாத இடங்கள் மெல்லிய இருட்கோடுகளாக நின்றன. படம் நடுங்காது நின்றமைக்கும், பெரிய பெட்டிகளிலே வரிவரியாகத் தோன்றியமைக்கும் இதுவே காரணம். 1983ஆம் ஆண்டு யப்பானில் வெளிவந்த நின்ரென்டோ நிறுவனத்தின் ‘ஃபமிலி கொம்பியூட்டர்’ என்னும் பொறி 256 நிரலும் 240 வரியும் கொண்ட படத்தை அளித்தது. 1988ஆம் ஆண்டில் வந்த சேகா நிறுவனத்தின் ‘மெகா ட்ரைவ்’ பெரும்பாலும் 320 நிரலும் 224 வரியும் கொண்ட படத்தை அளித்தது. இச்சிறு புள்ளிக் கூட்டத்தைக் குழாய் தன் இயல்பினால் விரித்தும், குழைத்தும், ஒளியூட்டியும் முழுப்படமாக்கியது.

படம் தீட்டியோர் இக்குழைவை நம்பியே தீட்டினர் என்பதற்கு 1991ஆம் ஆண்டின் ‘சொனிக் த ஹெட்ஜ்ஹொக்’ தக்க சான்றாகும். அவ்விளையாட்டின் முதற்பகுதியிலே தோன்றும் நீர்வீழ்ச்சி, நிலைக்குத்தான கோடுகள் ஒன்றுவிட்டு ஒன்றாக நிற்கும் வகையில் வரையப்பட்டுள்ளது. அக்காலத்துப் பெட்டிகளுக்குச் செய்தியைக் கொண்டுசென்ற ஒற்றைக் கம்பி வழி அக்கோடுகளைத் தெளிவாகப் பிரித்துக்காட்ட வல்லதன்று. ஆதலின் அவை ஒன்றோடொன்று கலந்து, பின்னால் உள்ள பாறை தெரியும் தெளிந்த நீராகக் காட்சியளித்தன. இன்றைய கூரிய திரையிலே அமைப்பெதனையும் மாற்றாது அதனை ஆடுபவர் காண்பது நீரன்று, வேலிக் கம்பிகளே. நிகழ்நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆயினும் கலைஞன் கருதிய பொருள் மாறிவிட்டது. கூர்மையான படமே சிறந்த படம் என்னும் எண்ணம் இங்கே பொய்த்துவிடுகின்றது. குழாய் கூட்டியது எது என வினவி அதனைக் கூட்டுதலே அமைப்புத் தெரிவின் அடிப்படையாகும். அத்தெரிவு வடிவு, உருப்பெருக்கம், காலம், அசைவு, நிறம், வரி என்னும் ஒழுங்கில் அமைதல் நன்று.

முதலாவது வடிவு. பழைய தொலைக்காட்சித் திரையின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 4:3. இன்றைய திரைகளுள் பெரும்பாலனவற்றின் விகிதம் 16:9. பழைய படத்தைப் புதிய திரை முழுவதும் நிரம்புமாறு இழுத்தால், ஒவ்வோர் உருவமும் தன் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும், பந்து முட்டையாகும். இருபுறமும் கரிய இடம் விட்டு 4:3 விகிதத்தைக் காத்தலே முறை. இதற்கு எதிரான பிழையும் ஒன்றுண்டு. பிக்சல் என வழங்கும் படப்புள்ளி ஒவ்வொன்றையும் சதுரமெனக் கொண்டு காட்டுவோர் உளர். பழைய பொறிகளின் புள்ளிகள் பல சதுரமல்ல. ஃபமிலி கொம்பியூட்டரின் ஒரு புள்ளி 8:7 என்னும் அளவில் உயரத்தை விட அகலம் மிக்கது. மாறாக, கப்கொம் நிறுவனத்தின் ‘ஸ்ட்ரீற் பைற்றர் 2’ 1991ஆம் ஆண்டில் நாணயப் பொறியாக வந்தபோது 384 நிரலும் 224 வரியும் கொண்டிருந்தது. அதன் புள்ளிகளைச் சதுரமாக்கினால் வீரர்கள் யாவரும் குறுகித் தடித்துத் தோன்றுவர். 4:3 விகிதத்தில் அடக்கும்போதே அவர்கள் உரிய உடற்கட்டைப் பெறுவர்.

இரண்டாவது உருப்பெருக்கம். 240 வரிகளை 1080 வரிகள் உள்ள திரையிலே நிரப்ப வேண்டுமாயின் ஒவ்வொரு வரியும் நாலரை மடங்காதல் வேண்டும். அரைவரி என்று ஒன்று புதிய திரையில் இல்லை. ஆதலின் ஒரு வரி நான்காகவும் அடுத்த வரி ஐந்தாகவும் விரியும். படம் நகரும்போது உருவங்களின் விளிம்புகள் நெளிவன போலத் தோன்றும். இடைநிறத்தால் நிரப்பி இதனை மறைக்கும் அமைப்பைத் தெரிந்தால் படம் முழுவதும் மங்கிவிடும். முழுவெண் மடங்காகப் பெருக்குதலே இதற்கு மருந்து. 1080 வரித் திரையில் நான்கு மடங்கு பெருக்கி 960 வரிகளைக் கொள்ளலாம். அப்போது அகலத்தை ஐந்து மடங்காக்கினால் 256 நிரல் 1280 ஆகி, 4:3 விகிதம் பிசகாது அமையும். 1440 வரித் திரையில் 240 வரிகள் சரியாக ஆறு மடங்காகும். 2160 வரித் திரையில் ஒன்பது மடங்காகும். பிந்திய திரையில் ஒரு புள்ளிக்கு ஒன்பது, பத்துச் சிறுபுள்ளிகள் கிடைப்பதனால் ஒன்று கூடினும் குறையினும் கண் அதனை அறிவதரிது. புதிதாகத் திரை வாங்குவோர் இக்கணக்கை மனத்திற்கொள்ளல் நன்று. 224 வரிப் படங்களை 1080 வரித் திரையில் ஐந்து மடங்காக்கினால் மேலும் கீழும் நந்நான்கு வரிகள் வெட்டுப்படும். பழைய பெட்டிகளின் சட்டமும் படத்தின் ஓரத்தை இவ்வாறு மறைத்தேயிருந்தது. ஆதலின் புள்ளிக் கணக்கோ, எஞ்சிய உயிர்களின் எண்ணிக்கையோ மறையாதவிடத்து இதனைக் குற்றமெனல் ஆகாது.

மூன்றாவது காலம். இது பலர் கருதாது விடுவது. ஆயினும் ஆடுபவரின் கைக்கு நெருங்கியது. பெரும்பாலான கணினித் திரைகள் செக்கனுக்கு 60 முறை படத்தைப் புதுப்பிப்பன. ஃபமிலி கொம்பியூட்டர் செக்கனுக்கு ஏறத்தாழ 60.1 படங்களை அளித்தது. இவ்வேறுபாட்டைச் சரிசெய்யாது விட்டால் ஏறக்குறைய பத்துச் செக்கனுக்கு ஒரு படம் தவறும். திரையோடு ஒத்தியங்குமாறு போன்மியைச் சிறிது தாழ்த்தினால் வேகம் ஆயிரத்தில் இரண்டு பங்கிற்கும் குறைவாகவே மாறும். செவியும் அதனை உணராது. ஆனால் எல்லாப் பொறிகளும் இவ்வாறு இணங்கி வருவதில்லை. 1987ஆம் ஆண்டின் ‘ஆர்-டைப்’ செக்கனுக்கு 55 படங்களளவில் இயங்கியது. 1992ஆம் ஆண்டின் ‘மோற்றல் கொம்பாற்’ 54.7 அளவில் இயங்கியது. இவற்றை 60க்கு இழுத்தால் ஆட்டம் நூற்றுக்கு ஒன்பது பங்களவு விரைந்து, படைத்தோர் வகுத்த கடுமையினும் மிக்க கடுமையுடையதாகும். இழுக்காது விட்டாலோ செக்கனுக்கு ஐந்து படங்கள் இரட்டித்து, அசைவு தடுமாறும்.

இதற்கு ஏற்ற தீர்வு, படம் வரும் வேகத்துக்கு ஏற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் திரையாகும். 2013ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனம் அறிவித்த ஜீ-சிங் என்பதும், பின்னர் ஏ.எம்.டி. நிறுவனம் கொணர்ந்த ஃபிரீசிங் என்பதும் இவ்வகையின. திரையின் மேலெல்லை 60க்கு மேற்பட்டதாக இருத்தல் வேண்டும் என்பது ஈண்டு நோக்கற்பாலது. எல்லை 60 ஆயின் 60.1 படங்களை அது ஏற்கமாட்டாது. ஐரோப்பாவுக்கென வெளிவந்த படிகளிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 60க்கென ஆக்கப்பட்ட விளையாட்டுக்கள் பல, திருத்தமின்றி 50க்கு மாற்றப்பட்டமையால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, மேலும் கீழும் கரிய பட்டைகளோடு வெளிவந்தன. அத்தகைய விளையாட்டுக்குப் பிறந்த நாட்டுப் படியையே தெரிதல் தகும். ஐரோப்பாவிலேயே 50க்கென ஆக்கப்பட்டவற்றை 50க்கே விடுதல் வேண்டும். அவற்றுக்கு 50 அல்லது 100 என்னும் மீடிறனில் இயங்கவல்ல திரை ஏற்றது.

நான்காவது அசைவும் தாமதமும். குழாயின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கணம் மின்னி மறைந்தது. திரவப் பளிங்குத் திரையோ அடுத்த படம் வரும்வரை, அதாவது 60இல் ஒரு செக்கன் முழுவதும், பழைய படத்தைத் தாங்கி நிற்கின்றது. ஓடும் உருவத்தைக் கண் பின்தொடரும்போது, நின்ற படம் கண்ணின் விழித்திரையிலே இழுபடுகின்றது. ஒரு படத்துக்கு நான்கு புள்ளியளவு நகரும் உருவம் நான்கு புள்ளியளவு மங்கும். திரை 120 என்னும் மீடிறனில் இயங்க வல்லதாயின், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்குமிடையே கரிய படமொன்றைச் செருகும் அமைப்பினால் இம்மங்கலைப் பாதியாக்கலாம். அதனால் ஒளியும் பாதியாகும். திரை துடிப்பது போலவும் தோன்றும். கண் இலகுவிற் களைப்புறுவோரும், மின்னும் ஒளியால் வலிப்புறக்கூடியோரும் இதனை விலக்குதல் வேண்டும்.

தாமதம் என்பது விசையை அழுத்துவதற்கும் திரை மாறுவதற்கும் இடைப்பட்ட நேரம். இன்றைய தொலைக்காட்சிகள் படத்தைப் பெற்றவுடன் காட்டாது, இரைச்சலை நீக்கியும், விளிம்பைக் கூராக்கியும், இல்லாத இடைப்படங்களைப் புனைந்தும் பின்னரே காட்டுகின்றன. திரைப்படத்துக்கு இது தீங்கன்று. பாய்ந்து தாவவேண்டிய விளையாட்டுக்கு இது பெருந்தீங்கு. ஆதலின் தொலைக்காட்சியிலே விளையாட்டுக்கென உள்ள முறையைத் தெரிந்து, கூர்மையாக்கலையும் இடைப்படப் புனைவையும் அறவே நிறுத்துதல் வேண்டும். மற்றெவ்வமைப்பைத் தெரியாதவரும் இவ்வொன்றைத் தெரிவாராயின் ஆட்டம் பெரும்பாலும் திருந்திவிடும்.

ஐந்தாவது நிறம். ஃபமிலி கொம்பியூட்டர் சிவப்பு, பச்சை, நீலம் என அளந்து நிறங்களைத் தரவில்லை. தொலைக்காட்சிக்குரிய மின்னலையையே நேராக ஆக்கி அனுப்பியது. நிறமாக அதனை விடுவித்தது பெட்டியே. ஆதலின் போன்மிகள் வழங்கும் நிறத்தட்டு ஒவ்வொன்றும் ஒருவகை உரையேயன்றி மூலமன்று. 1985ஆம் ஆண்டின் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் வானம் ஒரு தட்டில் நீலமாகவும் மற்றொரு தட்டில் ஊதாச் சாயலுடனும் தோன்றுவது இதனாலேயாம். மேலும் யப்பானியத் தொலைக்காட்சிகளின் வெண்மை 9300 கெல்வின் அளவில் நீலம் சார்ந்தது. இன்றைய திரைகளின் பொதுவளவு 6500 கெல்வின். 1978ஆம் ஆண்டின் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ பொறியிலோ நிறம் நிகழ்நிரலிலேயே இல்லை. கறுப்பு வெள்ளைத் திரையின் மேல் வண்ணத் தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. நிகழ்நிரலை மாத்திரம் காத்தவன் அத்தாள்களை இழந்துவிடுவான்.

ஆறாவது வரிகளைப் போலச் செய்தல். போன்மிகளிலே சேடர் எனப்படும் சிறு நிகழ்நிரல்கள் குழாயின் இருட்கோடுகளையும், நிறக்குழைவையும், ஒளிர்பொருளின் முகமூடி வடிவையும் வரைந்து காட்டும். இதனை இறுதியில் வைத்தமைக்குக் காரணமுண்டு. வடிவும் பெருக்கமும் திருந்தாதவிடத்து இருட்கோடுகள் சீராக விழா. நாலரை மடங்குப் படத்தின் மேல் விழுந்த கோடுகள் தடித்தும் மெலிந்தும் பட்டைபட்டையாகத் தோன்றும். கோடுகள் ஒளியைக் குறைப்பனவாதலின் திரையின் ஒளிர்வையும் கூட்டுதல் வேண்டும். 1080 வரித் திரையிலே எளிய கோடுகளோடு அமைவதே நன்று. முகமூடி வடிவையும் நுண்மையாகக் காட்டுவதற்கு 2160 வரித் திரை வேண்டும். மெகா ட்ரைவ் விளையாட்டுக்களுக்கு ஒற்றைக் கம்பி வழியின் குழைவைப் போலச் செய்யும் சேடரைத் தெரிந்தால், முன்னர்க் கூறிய நீர்வீழ்ச்சி மீண்டும் நீராகும்.

இவ்விதிகளுக்குப் புறநடைகளும் உள. 1989ஆம் ஆண்டின் ‘கேம் போய்’ கையடக்கப் பொறி. அதற்குக் குழாயே இல்லை. 160 நிரலும் 144 வரியும் கொண்ட அதன் பளிங்குத் திரைக்கு இருட்கோடு இடுதல் இல்லாததைப் புனைதலாகும். 1440 வரித் திரையில் அது சரியாகப் பத்து மடங்காகும். அதன் திரை மெதுவாக மாறுவது. ஒன்றுவிட்ட படத்திலே ஓர் உருவத்தைக் காட்டி நிழல்போலத் தோன்றச் செய்த விளையாட்டுக்களுக்கு, அடுத்தடுத்த இரு படங்களைக் கலக்கும் அமைப்பு வேண்டும். ‘பக்மான்’ போன்ற நாணயப் பொறிகள் நெட்டுயர்ந்த திரையுடையன; 224 நிரலும் 288 வரியும் கொண்ட அதனைக் கிடையான 1080 வரித் திரையில் மூன்று மடங்கே பெருக்கலாம். திரையைச் சுழற்றி நிமிர்த்தினால் நான்கு மடங்காக்கலாம். இனி, எவ்வமைப்பாலும் தீராத குறையும் உண்டு. ‘டக் ஹன்ற்’ விளையாட்டின் துப்பாக்கி, இலக்கிலே தோன்றும் வெள்ளொளியைக் குழாயில் அக்கணமே கண்டு தொழிற்பட்டது. தாமதமுடைய புதிய திரையிலே அத்துப்பாக்கி குருடாகிவிடும். சுட்டியையோ வேறு கருவியையோ கொண்டே அதனை ஆடுதல் கூடும்.

கூறியவற்றின் தொகுப்பு வருமாறு. விகிதத்தை இழுக்காது காக்க. முழுவெண் மடங்காகப் பெருக்குக. பொறியின் வேகத்துக்குத் திரையை இணக்குக. திரை தானாகச் செய்யும் திருத்தங்களை நிறுத்துக. அதன்பின் நிறத்தையும் வரியையும் பொறிக்கேற்பத் தெரிக. இவ்வொழுங்கினுள் முன்னையன பிழைத்தால் பின்னையன பயன் தாரா.

குழாய்த் திரையைக் கண்டு வளர்ந்தோர் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. இனி வருவோர் போன்மி காட்டும் படத்தையே மூலமெனக் கொள்வர். ஏட்டிலே புகுந்த பிழைப்பாடம் பலமுறை படியெடுக்கப்பட்டபின் பாடமாகவே நிலைத்துவிடுதல் போல, பருத்த உருவமும் வேலிக் கம்பியான நீர்வீழ்ச்சியும் பழைய விளையாட்டின் இயல்பென்றே நிலைத்துவிடக்கூடும். எனினும் ஒரு நன்மை உண்டு. அமைப்பு என்பது உரையைப் போன்றது. அது மூலத்தை மாற்றுவதில்லை. இன்று தெரிந்த அமைப்பு பிழையெனக் கண்டால் நாளை மாற்றலாம். மூலத்தைக் கெடாது காத்து, உரையை ஆராய்ந்து திருத்திக்கொண்டே செல்லுதல் தமிழ் கற்போர்க்குப் புதியதொரு நெறியன்று. அந்நெறியையே இக்காலத்துத் திரையின் முன்னும் கைக்கொள்ளுதல் தகும்.